அமிலங்களின் வலிமையை ஒப்பிடுவது எப்படி?

"பின்வரும் அமிலங்களை வலிமையின் ஏறுவரிசையில் எழுதுக" என்னும் வினா மேல்நிலை வகுப்பு வேதியியலில் அடிக்கடி தலைகாட்டும். விடை எழுதுவதற்காக மாணவர்கள் பலர் நாலைந்து வரிசைகளை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறார்கள். மனப்பாடத்தில் இல்லாத ஓர் அமிலம் வினாவில் நுழைந்துவிட்டால் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. உண்மையில் மனப்பாடத்துக்கு இங்கே அதிக வேலை இல்லை. அமிலம் என்பது புரோட்டானை, அதாவது நேர்மின் சுமையுள்ள ஹைட்ரஜன் அயனியை, கொடுப்பது. கொடுத்தபின் எஞ்சும் பகுதிக்கு இணை காரம் என்று பெயர். அந்த இணை காரம், தன்மீது வந்து சேர்ந்த எதிர்மின் சுமையைத் தாங்கிக்கொண்டு அமைதியாக இருக்குமானால், அமிலம் புரோட்டானைத் தாராளமாகக் கொடுக்கும். தாங்க மாட்டாமல் புரோட்டானைத் திரும்ப இழுத்துக்கொள்ளுமானால், அந்த அமிலம் வலிமை குறைந்தது. எனவே அமிலத்தைப் பார்ப்பதைவிட, புரோட்டான் போனபின் என்ன எஞ்சுகிறது என்று பார்ப்பதே நேர்வழி. டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் 1923-இல் தனித்தனியே முன்வைத்த கொள்கை இந்தப் பார்வைக்கு அடிப்படை.

வலிமை வேறு, செறிவு வேறு

ஒப்பிடத் தொடங்குமுன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அன்றாடப் பேச்சில் "ஸ்ட்ராங்கான ஆசிட்" என்றால் தண்ணீர் கலக்காத, மேலே பட்டால் பொசுக்கிவிடும் திரவம் என்றே பொருள். வேதியியலில் வலிமை என்பது அமில மூலக்கூறுகளில் எத்தனை பங்கு தம் புரோட்டானை நீருக்குக் கொடுத்துவிட்டன என்பதைக் குறிக்கும். ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதைக் குறிப்பது செறிவு. கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) அசிட்டிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 2.4, பத்தாயிரத்தில் ஒரு பங்கு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் மதிப்பு 4. பிஎச் தாளை மட்டும் நம்பினால் அசிட்டிக் அமிலமே வலிமை மிகுந்தது என்று முடிவுகட்ட நேரிடும். முதல் கரைசலில் ஆயிரம் மூலக்கூறுகளில் நான்கு மட்டுமே பிரிந்துள்ளன. இரண்டாவதில் ஏறக்குறைய எல்லாமே பிரிந்துவிட்டன. ஆகவே பிஎச் மதிப்பைக் கொண்டு இரு அமிலங்களை ஒப்பிடுவதானால் இரண்டும் ஒரே மோலார் செறிவில் இருக்க வேண்டும் என்பது விலக்கில்லாத நிபந்தனை.

இதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு குடுவையிலும், அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தை இன்னொரு குடுவையிலும் 50 மில்லி லிட்டர் வீதம் எடுத்துக்கொண்டு, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிய மெக்னீசிய நாடாவை 0.1 கிராம் அளவு ஒவ்வொன்றிலும் போடுங்கள். முதல் குடுவையில் நாடாவைச் சுற்றி நுரை பொங்கி, நாடாவே மேலும் கீழுமாக அலையும். இரண்டாவதில் குமிழிகள் நாடாவின் விளிம்பில் மணிமணியாக ஒட்டிக்கொண்டு நிதானமாக எழும். வலிமையின் வேறுபாடு இந்த வேகத்தில் தெரிகிறது. ஆனால் பொறுமையாகக் காத்திருந்து வாயுவை அளந்தால் இரண்டு குடுவைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு, சுமார் 60 மில்லி லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். பிரிந்த புரோட்டான்கள் செலவாகச் செலவாக, பிரியாமல் இருந்த அசிட்டிக் அமில மூலக்கூறுகள் அடுத்தடுத்துப் பிரிந்து ஈடுகட்டுகின்றன. நடுநிலையாக்கத் தேவைப்படும் சோடியம் ஹைட்ராக்சைடும் இரண்டுக்கும் ஒரே அளவுதான். "வலிமை குறைந்த அமிலத்துக்குக் காரம் குறைவாகப் போதும்" என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் இந்த இரண்டு குடுவைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அரிக்கும் தன்மையும் வலிமையின் அளவுகோல் அன்று. ஹைட்ரோபுளோரிக் அமிலம் நீரில் வலிமை குறைந்த அமிலம். ஆனாலும் அது கண்ணாடியையே கரைப்பதால் பாலித்தீன் கலனில்தான் வைக்கப்படுகிறது. தோல் வழியே உட்புகுந்து உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் உயிருக்கே ஆபத்தும் விளைவிக்கும். கண்ணாடி கரைவது சிலிக்கனுக்கும் புளோரினுக்கும் இடையிலுள்ள வலுவான பிணைப்பால். புரோட்டான் கொடுக்கும் திறனால் அன்று.

எண் கையில் இருந்தால்

அமிலத்தின் பிரிகை மாறிலி தெரிந்திருந்தால் வேலை எளிது. நீரில் அமிலம் பிரிந்து சமநிலையை எட்டியபின், ஹைட்ரோனியம் அயனியின் (நீர் மூலக்கூறு புரோட்டானை ஏற்று உருவாவது) செறிவையும் இணை காரத்தின் செறிவையும் பெருக்கி, பிரியாத அமிலத்தின் செறிவால் வகுத்தால் கிடைப்பது பிரிகை மாறிலி. அசிட்டிக் அமிலத்துக்கு 25 டிகிரி செல்சியசில் இதன் மதிப்பு 1.8 × 10⁻⁵. ஃபார்மிக் அமிலத்துக்கு 1.8 × 10⁻⁴. இத்தகைய சிறு எண்களைக் கையாள்வது சிரமம் என்பதால், அவற்றின் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றி, பிகேஏ மதிப்பு என்று வழங்குகிறோம். அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, ஃபார்மிக் அமிலத்துக்கு 3.75. குறி மாறியிருப்பதால் பிகேஏ குறையக் குறைய வலிமை கூடுகிறது என்பதையும், இது மடக்கை அளவு என்பதால் ஓர் எண் வேறுபாடு பத்து மடங்கைக் குறிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பிகேஏ 2 உள்ள அமிலம், பிகேஏ 4 உள்ளதைப் போல இரு மடங்கு வலிமையானது என்று எழுதுபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். அங்கே வேறுபாடு நூறு மடங்கு.

பிரிகை மாறிலியை விட்டுவிட்டுப் பிரிகை வீதத்தைக் கொண்டு ஒப்பிடுவோர் செறிவைக் கவனிக்க வேண்டும். அசிட்டிக் அமிலம் 1 மோலார் கரைசலில் 0.42 சதவீதமும், 0.1 மோலாரில் 1.3 சதவீதமும், 0.001 மோலாரில் 12.5 சதவீதமும் பிரிந்திருக்கும். நீர் சேர்க்கச் சேர்க்கப் பிரிகை வீதம் ஏறுகிறது. பிரிகை மாறிலி மட்டும் அசையாமல் நிற்கிறது. 1888-இல் வேதியியலர் ஆஸ்வால்ட் கண்டு சொன்ன நீர்த்தல் விதி இதுவே. அமிலத்துக்கென்றே உரிய ஓர் எண்ணை, கரைசலின் செறிவிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுத்தது அந்த விதி என்பதால்தான் ஒப்பிடுதல் என்பதே பொருளுள்ள செயலாயிற்று.

அட்டவணையைப் பயன்படுத்தும்போது கரைப்பானையும் வெப்பநிலையையும் பாருங்கள். பெரும்பாலான அட்டவணைகள் நீரில், 25 டிகிரி செல்சியசில் அளந்தவை. நீரில் ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோபுரோமிக், ஹைட்ரயோடிக், பெர்குளோரிக் அமிலங்கள் நான்கும் முழுமையாகப் பிரிந்துவிடுவதால் அவற்றுக்கிடையே உயர்வு தாழ்வு தெரிவதில்லை. எல்லாக் கரைசலிலும் இருப்பது ஹைட்ரோனியம் அயனியே. நூறு கிலோ வரை மட்டுமே காட்டும் தராசில் நூற்றைம்பது கிலோ மூட்டையையும் இருநூறு கிலோ மூட்டையையும் ஏற்றினால் முள் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பது போன்றது இது. சமன்படுத்தும் விளைவு என்று இதற்குப் பெயர். புரோட்டானை ஏற்பதில் நீரைவிடத் தயக்கம் காட்டும் தூய அசிட்டிக் அமிலத்தைக் கரைப்பானாக எடுத்துக்கொண்டால் வேறுபாடு வெளிப்படுகிறது. அங்கே பெர்குளோரிக் அமிலம் முதலிலும், ஹைட்ரோபுரோமிக் அதற்கடுத்தும், ஹைட்ரோகுளோரிக் அதற்குப் பின்னும் நிற்கின்றன. புத்தகங்களில் காணும் −7, −9, −10 போன்ற எதிர்க்குறி பிகேஏ மதிப்புகள் மறைமுகமாக மதிப்பிடப்பட்டவை. புத்தகத்துக்குப் புத்தகம் அவை மாறுவதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் நீங்களே அளக்க

பிகேஏ மதிப்பை அளக்க அமிலத்தின் செறிவோ காரத்தின் செறிவோ துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பிஎச் மானி ஒன்று இருந்தால் போதும். நிறமற்ற வினிகரை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்பதில் சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். ஒரு பங்குக்கு ஆறு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் ஏறத்தாழ 0.1 மோலார் கரைசலாகும். அதில் 20 மில்லி லிட்டரைப் பிப்பெட்டால் குடுவையில் விட்டு, காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டியான பினாப்தலீனை இரண்டு சொட்டு சேர்த்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றிக் குலுக்கியதும் மறையும்; முடிவுநிலை நெருங்க நெருங்க மறைவதற்கு எடுக்கும் நேரம் நீளும். குலுக்கியும் அரை நிமிடம் வரை இளஞ்சிவப்பு நிலைத்தால் நிறுத்திவிடுங்கள். இப்போது குடுவையில் இருப்பது முழுக்க முழுக்க அசிட்டேட். இதே குடுவையில், முதலில் எடுத்த அதே அமிலக் கரைசலில் இன்னொரு 20 மில்லி லிட்டரைச் சேர்த்துக் கலக்குங்கள். நிறம் மறையும். இனி கரைசலில் அமிலமும் இணை காரமும் சம அளவில் உள்ளன. பிரிகை மாறிலிக்கான வகுத்தலில் இரண்டும் அடிபட்டுப்போவதால், பிஎச் மானி காட்டும் எண்ணே பிகேஏ. 4.7-ஐ ஒட்டி முள் நிற்கும். ஃபார்மிக் அமிலத்துக்கு இதையே செய்தால் ஒன்று குறைவாக, 3.7-ஐ ஒட்டிக் காட்டும். மானியை முன்கூட்டியே பிஎச் எளிதில் மாறாத பிஎச் 4, பிஎச் 7 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்வது அவசியம். இந்தப் பரிசோதனை பிசகினால் பெரும்பாலும் பிசகுவது அங்கேதான்.

மானி இல்லாதவர்கள் ஓர் அமிலம் இன்னொன்றை அதன் உப்பிலிருந்து வெளியேற்றுகிறதா என்று பார்க்கலாம். வலிமை மிகுந்தது, வலிமை குறைந்ததை வெளியே தள்ளும். அசிட்டிக் அமிலத்தைச் சமையல் சோடாவின் மீது விட்டால் நுரைக்கிறது. சமையல் சோடா கார்பானிக் அமிலத்தின் உப்பு; கார்பானிக் அமிலத்தின் பிகேஏ 6.35 என்பதால் அசிட்டிக் அமிலம் அதை வெளியேற்றுகிறது. பீனாலின் பிகேஏ 10 என்பதால் சோடாவில் அது நுரை எழுப்புவதில்லை. இதன் மறுதலையை ஆசிரியர் மேசையில் செய்துகாட்டுவது இன்னும் அழகு. நீரில் முழுதும் கரையாமல் பால்போலக் கலங்கி நிற்கும் பீனாலுடன் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் கலங்கல் தெளிந்து பீனேட் கரைசல் கிடைக்கும். அந்தத் தெளிந்த கரைசலில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தினால் குழாய் முனையிலிருந்து தொடங்கி மீண்டும் வெண்மையாகக் கலங்கும். கார்பானிக் அமிலம் பீனாலை வெளியேற்றிவிட்டது என்பது எந்த எண்ணும் இல்லாமலே தெரிந்துவிடுகிறது. பீனால் தோலைச் சுடும் என்பதால் கையுறை இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

வலிமையில் பத்து மடங்கு வேறுபாடு என்பது நடைமுறையில் எப்படித் தெரியும் என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் ரப்பர் பாலை உறையவைப்பவர்களைப் பார்க்கலாம். ரப்பர் பால் உறைவதற்கு அதன் பிஎச் மதிப்பு 5-ஐ ஒட்டிக் கீழிறங்க வேண்டும். அந்த நிலையில் ஃபார்மிக் அமிலத்தில் பத்தில் ஒன்பது மூலக்கூறுகளுக்கு மேல் புரோட்டானைக் கொடுத்துவிட்டிருக்கும். அசிட்டிக் அமிலத்திலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் புரோட்டானைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூலக்கூறு எடையிலும் ஃபார்மிக் 46, அசிட்டிக் 60. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரே அளவு பாலை உறையவைக்க அசிட்டிக் அமிலம் எடையில் ஏறத்தாழ இரு மடங்கு தேவைப்படும்.

எண் இல்லாதபோது: அமைப்பைப் பார்த்து முடிவுசெய்தல்

இனித்தான் உண்மையான வேலை. அமைப்பு வாய்பாட்டை மட்டும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், நான் முதலில் மாணவர்களைப் புரோட்டானை நீக்கி எழுதச் சொல்வேன். இணை காரத்தைத் தாளில் எழுதிய பிறகே ஒப்பீடு தொடங்க வேண்டும். எழுதியதும் பார்க்க வேண்டியது மின்சுமை. ஏற்கெனவே எதிர்மின் சுமை உள்ள அயனியிலிருந்து இன்னொரு புரோட்டானைப் பிடுங்குவது கடினம். பாஸ்பாரிக் அமிலத்தின் மூன்று பிகேஏ மதிப்புகள் 2.15, 7.20, 12.35, ஒவ்வொரு படியிலும் வலிமை ஏறத்தாழ லட்சம் மடங்கு சரிகிறது. ஆகவே ஒரே அமிலத்தின் அடுத்தடுத்த நிலைகளை ஒப்பிடும் வினாவுக்கு வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

அடுத்தது, எதிர்மின் சுமை எந்த அணுவின் மேல் வந்து உட்காருகிறது என்பது. தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அணுவின் பருமன் பெரிதாக மாறுவதில்லை. எலக்ட்ரான் கவர்தன்மை கூடிக்கொண்டே போகிறது. கவர்தன்மை மிகுந்த அணு எதிர்மின் சுமையை விரும்பி வைத்துக்கொள்ளும். மீத்தேனின் பிகேஏ சுமார் 50, அம்மோனியாவுக்குச் சுமார் 38, நீருக்கு 14 (சில அட்டவணைகளில் 15.7; வேறுபாடு கணக்கிடும் முறையால் வருவது), ஹைட்ரஜன் புளோரைடுக்கு 3.2. வலிமை வலப்பக்கம் ஏறுகிறது.

இங்கிருந்து ஒரே தொகுதியில் மேலிருந்து கீழே இறங்கும்போதுதான் தவறு நேர்கிறது. "புளோரினுக்குக் கவர்தன்மை அதிகம், ஆகவே ஹைட்ரஜன் புளோரைடே வலிமையானது" என்று எழுதும் மாணவன் கற்றதைத்தான் எழுதுகிறான், இடம் மாற்றி எழுதுகிறான். தொகுதியில் இறங்கும்போது அணுவின் பருமன் வேகமாகப் பெருகுகிறது. ஹைட்ரஜனின் சிறிய சுற்றுப்பாதைக்கும் அயோடினின் பெரிய சுற்றுப்பாதைக்கும் பொருத்தம் குறைவு என்பதால் பிணைப்பு தளர்கிறது: ஹைட்ரஜன் புளோரைடின் பிணைப்பு ஆற்றல் மோலுக்குச் சுமார் 570 கிலோ ஜூல், குளோரைடில் 431, புரோமைடில் 366, அயோடைடில் 298. இன்னொரு பக்கம், அதே ஓர் அலகு எதிர்மின் சுமை அயோடைடு அயனியில் பெரிய பரப்பில் பரவி நீர்த்துப்போகிறது. சிறிய புளோரைடு அயனியிலோ நெருக்கமாகக் குவிந்து புரோட்டானை வலுவாக இழுக்கிறது. எனவே வரிசை புளோரைடு, குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று ஏறுகிறது. நீர் 14, ஹைட்ரஜன் சல்பைடு 7.0, ஹைட்ரஜன் செலினைடு 3.9, ஹைட்ரஜன் டெலுரைடு 2.6 என்னும் வரிசையும் இதையே சொல்கிறது. தொடரில் கவர்தன்மை, தொகுதியில் பருமன் என்று இரண்டு சொற்களில் நினைவில் கொள்ளலாம்.

ஆனால் ஹைப்போகுளோரஸ், ஹைப்போபுரோமஸ், ஹைப்போஅயோடஸ் அமிலங்களைக் கொடுத்தால் வரிசை தலைகீழாகிவிடும்: 7.5, 8.6, 10.6. மேலே சொன்ன விதி பொய்த்துவிட்டதா என்றால், இல்லை. இம்மூன்றிலும் புரோட்டான் ஒட்டியிருப்பது ஆலசன் (குளோரின், புரோமின், அயோடின்) அணுவில் அன்று, ஆக்சிஜனில். சுமை உட்காரும் அணு மூன்றிலும் ஒன்றே ஆகிவிட்டபடியால் பருமனுக்கு வேலை இல்லை. பக்கத்தில் உள்ள ஆலசன் எவ்வளவு எலக்ட்ரான் அடர்த்தியைத் தன் பக்கம் இழுத்துச் சுமையைக் குறைக்கிறது என்பது மட்டுமே எஞ்சுகிறது. அதில் குளோரின் முந்திக்கொள்கிறது. புரோட்டான் எந்த அணுவில் இருக்கிறது என்று பார்க்காமல் விதியைத் தேடி ஓடினால் இந்த இடத்தில் தடுக்கி விழுவோம்.

ஆக்சிஜன் அமிலங்களுக்கு வேதியியலர் லைனஸ் பாலிங் தந்த எளிய கணக்கு ஒன்று உண்டு. மைய அணுவோடு இணைந்துள்ள ஆக்சிஜன்களில் ஹைட்ரஜன் இல்லாதவை எத்தனை என்று எண்ணி, அதை ஐந்தால் பெருக்கி எட்டிலிருந்து கழித்தால் முதல் பிகேஏ தோராயமாகக் கிடைக்கும். ஹைப்போகுளோரஸில் அப்படிப்பட்ட ஆக்சிஜன் ஒன்றும் இல்லை: கணக்கு 8, அளந்தது 7.5. குளோரஸில் ஒன்று: கணக்கு 3, அளந்தது 2. குளோரிக்கில் இரண்டு, பெர்குளோரிக்கில் மூன்று. இரண்டும் வலிமை மிகு அமிலங்கள். ஆக்சிஜன் கூடக் கூட எதிர்மின் சுமை அத்தனை ஆக்சிஜன்களின் மீதும் உடனிசைவால் (எலக்ட்ரான்கள் ஓர் அணுவில் முடங்காமல் பல அணுக்களில் பரவி நிற்பதால்) பகிரப்படுவதே காரணம். நைட்ரஸ் அமிலத்தைவிட நைட்ரிக்கும், சல்பியூரஸைவிடச் சல்பியூரிக்கும் வலிமை மிகுந்திருப்பதற்கும் இதுவே விளக்கம்.

இந்தக் கணக்கு இரண்டு இடங்களில் சறுக்குவதுபோலத் தோன்றும். பாஸ்பரஸ் அமிலத்தில் மூன்று ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். ஒவ்வோர் ஆக்சிஜனிலும் ஒரு ஹைட்ரஜனை ஒட்டிவிட்டால் தனி ஆக்சிஜன் எதுவும் மிஞ்சாது. பிகேஏ 8 என்று வரும். அளந்தால் 1.3 அளவில்தான் இருக்கிறது, பாஸ்பாரிக்கைவிடவும் வலிமையாக. உண்மையில் ஒரு ஹைட்ரஜன் நேரடியாகப் பாஸ்பரஸிலேயே ஒட்டியுள்ளது. அதனால் ஒரு தனி ஆக்சிஜன் மிஞ்சுகிறது, அமிலமும் இரு புரோட்டான் மட்டுமே தருவதாகிறது. கணக்கு சரி, வரைந்த அமைப்பு தவறு. கார்பானிக் அமிலத்துக்குக் கணக்கின்படி 3 வர வேண்டும், அட்டவணையில் 6.35. நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடில் சில நூறில் ஒரு மூலக்கூறே உண்மையில் கார்பானிக் அமிலமாக மாறியிருக்கிறது, மற்றவை கரைந்த வாயுவாகவே நிற்கின்றன. அட்டவணை மதிப்போ கரைந்தது அனைத்தையும் அமிலமாகக் கருதிக் கணக்கிடப்பட்டது. உண்மையான அமிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 3.6-ஐ ஒட்டி வரும்.

கரிம அமிலங்களில் புரோட்டான் பெரும்பாலும் ஆக்சிஜனிலிருந்தே போவதால், அணுவைப் பார்ப்பதில் பயன் குறைவு. சுமை எவ்வளவு பரவுகிறது என்பதே முடிவைத் தருகிறது. எத்தனாலின் பிகேஏ 16, பீனாலுக்கு 10, அசிட்டிக் அமிலத்துக்கு 4.76. எத்தனாலின் இணை காரமான எத்தாக்சைடில் சுமை ஒரே ஆக்சிஜனில் முடங்கிக் கிடக்கிறது. பீனாலின் இணை காரமான பீனாக்சைடில் (மேலே சொன்ன பீனேட்) அது பென்சீன் வளையத்துக்குள் பரவுகிறது. ஆனால் அங்கே அதை ஏற்பவை கார்பன் அணுக்கள் என்பதால் ஆதாயம் அளவானது. அசிட்டேட்டில் சுமையைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்பவை இரண்டு ஆக்சிஜன்கள். உடனிசைவு அமைப்புகளை எண்ணிக்கை பார்த்து "பீனாக்சைடுக்கு அதிகம், ஆகவே பீனால் வலிமையானது" என்று சொல்வது தவறு. எந்த அணுவின் மீது பரவுகிறது என்பதே எண்ணிக்கையைவிடப் பெரிது.

உடனிசைவு ஒரே மாதிரி இருக்கும் அமிலங்களைத் தூண்டல் விளைவு, அதாவது பக்கத்து அணுக்கள் பிணைப்புகள் வழியே எலக்ட்ரான்களை இழுப்பதும் தள்ளுவதும், பிரித்துக் காட்டும். அசிட்டிக் அமிலத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் குளோரின் வந்தால் பிகேஏ 4.76-லிருந்து 2.87-க்கு இறங்குகிறது, இரண்டு வந்தால் 1.3, மூன்று வந்தால் 0.7. குளோரின் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுத்து, புரோட்டான் போனபின் எஞ்சும் கார்பாக்சிலேட்டின் சுமையைத் தணிக்கிறது. தொலைவு கூடினால் இந்த இழுப்பு விரைவாகத் தேய்ந்துவிடும்: பியூட்டனாயிக் அமிலத்தின் பிகேஏ 4.82, அதில் குளோரின் இரண்டாம் கார்பனில் இருந்தால் ஏறத்தாழ 2.9, மூன்றாவதில் 4.05, நான்காவதில் 4.52. மூன்று கார்பன் தள்ளிப் போனதும் குளோரின் இருந்தும் பெரிய பயனில்லை. மீத்தைல் தொகுதி இதற்கு எதிராக எலக்ட்ரான்களைத் தள்ளுவதால்தான் ஃபார்மிக் அமிலத்தைவிட அசிட்டிக் வலிமை குறைந்து நிற்கிறது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். இணை காரத்தில் உள்ளுக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பு அமையுமானால் அது நிலைப்படும். சாலிசிலிக் அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி கார்பாக்சிலுக்கு அருகில் இருக்கிறது, பிகேஏ 2.97, அதே தொகுதி எதிர்முனையில் இருந்தால் 4.54. மெலியிக் அமிலம் 1.9, ஃபியூமரிக் 3.0 என்பதற்கும் இதுவே காரணம். புரோட்டான் கார்பனிலிருந்து போவதானால் இனக்கலப்பை (பிணைப்புக்காக அணுவின் எஸ், பி சுற்றுப்பாதைகள் கலந்துகொள்வதை) பாருங்கள்: எஸ் சுற்றுப்பாதையின் பங்கு கூடினால் எலக்ட்ரான்கள் அணுக்கருவை நெருங்கும். ஈத்தைன் 25, ஈத்தீன் 44, ஈத்தேன் 50.

ஒரு வரிசையை முழுதாகச் செய்துபார்ப்போம். எத்தனால், மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம், பீனால், அசிட்டிக் அமிலம், பாரா நைட்ரோபீனால், ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஆகிய ஆறும் கொடுக்கப்பட்டுள்ளன. புரோட்டான்களை நீக்கி எழுதினால் ஆறிலும் சுமை ஆக்சிஜன் மேல். எல்லாவற்றுக்கும் ஓர் அலகு சுமை. ஆகவே மின்சுமையும் அணுவும் எதையும் பிரிக்கவில்லை. உடனிசைவு ஆறையும் மூன்று கட்டாக்குகிறது: பரவலே இல்லாத எத்தனால் கடைசியில்; வளையத்தில் பரவும் இரண்டு பீனால்கள் நடுவில்; இரு ஆக்சிஜன்கள் பகிரும் மூன்று கார்பாக்சிலிக் அமிலங்கள் முதலில். பீனால்களில், பாரா இடத்து (வளையத்தின் எதிர்முனையில் உள்ள) நைட்ரோ தொகுதி வளையத்தில் பரவிவரும் சுமையைத் தன் ஆக்சிஜன்கள்வரை கொண்டுபோவதால் அது முந்துகிறது. கார்பாக்சிலிக் அமிலங்களில் குளோரின் எண்ணிக்கையே வரிசை. விடை: ட்ரைகுளோரோ அசிட்டிக் 0.7, மோனோகுளோரோ அசிட்டிக் 2.87, அசிட்டிக் 4.76, பாரா நைட்ரோபீனால் 7.15, பீனால் 10, எத்தனால் 16. எண்களை நாம் பார்த்தது வரிசையை எழுதி முடித்த பின்னரே.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவைக்காது. புரோப்பனாயிக் 4.87, பியூட்டனாயிக் 4.82 என்பதுபோல் நூறில் சில புள்ளிகளே வேறுபடும் இடங்களில், கரைசலில் நீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழும் விதமும் சேர்ந்துகொள்வதால், அமைப்பைப் பார்த்து வாதாடுவது வீண். அங்கே அட்டவணையைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுங்கள்.